முட்டினால் சொல்லு

“வயிறு நிறையத் தண்ணி குடிம்மா. ஒண்ணுக்கு முட்டினா வந்து சொல்லு, உள்ள அனுப்புறேன்” என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னபோது, இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இருக்க முடியாது என்றுதான் நாகஜோதி நினைத்தாள். தண்ணீர் குடிக்க வேண்டும், உட்கார்ந்திருக்க வேண்டும், அடக்க வேண்டும். மூன்றும் அவளுக்குக் கைவந்த கலை. பள்ளிக்கூடத்தில் தாழ்ப்பாள் இல்லாத கக்கூசுக்குப் பயந்து காலை மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணி அடிக்கிறவரை அடக்கியவள். கபடி ஆடப் போன ஊர்களில் கல்யாண மண்டபத்தின் ஒற்றைக் கழிப்பறைக்கு முன்னால் ஊர்ப்பட்ட டீம்களோடு வரிசையில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியவள். அடக்குவதற்கு மெடல் கொடுத்தால் அதையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருப்பாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்கேன் சென்டரின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பாட்டிலை மடமடவென்று காலி செய்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கி, நெஞ்சைக் குளிர வைத்து, வயிற்றில் போய் உட்கார்ந்தது தெரிந்தது. அதற்கப்புறம் அது எந்த வழியாக எங்கே போகிறது என்று இந்த இருபத்திநாலு வயது வரை அவள் யோசித்ததே கிடையாது. யார்தான் யோசிக்கிறார்கள்? குடித்தால் வரும், வந்தால் போக வேண்டும், அவ்வளவுதானே. பக்கத்து நாற்காலியில் டீம் கேப்டன் ரெக்ஸி அக்கா காலை நீட்டிப் போட்டு ஃபோனில் யாருடைய ரைடையோ பார்த்துக்கொண்டிருந்தாள். “மெதுவா குடிடி, புரையேறப் போகுது” என்றாள், கண்ணை எடுக்காமலே. நாகஜோதி இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள்.

கிட்னி. அந்த வார்த்தைதான் காலையிலிருந்து மண்டைக்குள் உருண்டுகொண்டே இருந்தது. போன வாரம் ஆடிவிட்டு வந்ததிலிருந்து ஒரே குமட்டல், காலையில் கண்ணாடியைப் பார்த்தால் முகம் இட்லி மாதிரி உப்பிக் கிடந்தது, படியேறினால் மூச்சு இரைத்தது. பித்தமாக இருக்கும் என்று இஞ்சிச்சாறு குடித்தாள். அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். ரெக்ஸி அக்காதான், செலக்‌ஷன் நெருங்கிவிட்டது, இவளை இப்படியே விட்டால் சரிப்படாது, ஒரு குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடுவாள் என்று டாக்டரிடம் இழுத்து வந்தாள். குளுக்கோஸுக்கு வந்த இடத்தில் டாக்டர் ரத்தத்தை எடுத்தார். ரிசல்ட்டைப் பார்த்தார். “உனக்கு என்ன வயசு?” என்றார். சொன்னாள். மறுபடி பேப்பரைப் பார்த்தார். “எத்தனைன்னு சொன்ன?” இந்த இரண்டாவது தடவைதான் அவளைப் போட்டு அடித்தது. காது கேட்கிற மனுஷன் ஒரே கேள்வியை எதற்கு இரண்டு தடவை கேட்க வேண்டும்? “கிட்னியில கொஞ்சம் கோளாறு மாதிரித் தெரியுது. ஒரு ஸ்கேன் எடுத்துட்டு உடனே வா” என்றார். கொஞ்சம் என்றால் எதற்கு உடனே? மாதிரி என்றால் எதற்கு ஸ்கேன்? கிட்னி என்பது சுகர்காரர்களுக்கு வருவது. பெரியப்பாவுக்கு வந்தது. வெள்ளைச் சட்டையும் பென்ஷனுமாக வாழ்ந்து, மூன்று வேளையும் இனிப்பைத் தின்று, வாரா வாரம் மெஷினில் போய்ப் படுத்து, கடைசியில் கறுத்துச் சுருங்கி ஒரு நாள் போய்ச் சேர்ந்தார். அவர் வியாதி அது. வேலிக்கம்பி மாதிரி கை, உலக்கை மாதிரி தொடை, எதிர்த்து வருகிறவளைக் கணுக்காலில் பிடித்துத் தூக்கிப் போடுகிற உடம்பு, இதில் போய் அதற்கு என்ன வேலை? ரத்தம் மாறியிருக்கும். லேபில் ஊர்ப்பட்ட பாட்டில் இருக்கும், எந்தக் கிழவருடையதோ இவள் பெயரில் வந்திருக்கும். பாவம், அந்தக் கிழவர் இந்நேரம் தன் கிட்னி நன்றாக இருக்கிறதென்று காபி குடித்துக்கொண்டிருப்பார். இதை நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சிரிப்பு அடங்கினதும் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். முட்டவில்லை.

முட்டும். இப்போதுதானே குடித்தோம். அதற்கும் நேரம் வேண்டாமா? எதிரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். யாரோ ஒருத்தி மிக்ஸியில் எதையோ அரைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக எப்போது போனோம்? சாதாரணமாகத்தான் அந்தக் கேள்வி வந்தது, வீட்டைப் பூட்டினோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வருமே, அப்படி. காலையில் போயிருப்போம். எழுந்ததும் பாத்ரூமுக்குப் போனாள், அது நிச்சயம். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். ஊற்றின சத்தம் காதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஏதாவது சத்தம் கேட்டதா? கேட்டிருக்கும். தினமும் கேட்கிற சத்தத்தை எவள் ஞாபகம் வைத்துக்கொள்கிறாள்? சரி, நேற்று. நேற்று மத்தியானம் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது கொல்லைப் பக்கம் போனாள். போனாளா, இல்லை துணி எடுக்கப் போனாளா? துணிதான். ராத்திரி? ராத்திரி குமட்டிக்கொண்டு வந்ததால் பாத்ரூமில் நின்று ஓங்கரித்தாள், அதோடு வந்து படுத்தாள். முந்தாநாள் டீக்கடைக்குப் பின்னால்... அது போன மாசம். மனசு போய்ப் போய் முட்டியது, திரும்பி வந்தது, மறுபடி காலையிலிருந்து ஆரம்பித்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஒரு சொம்பு ஊற்றினாள். சொந்த உடம்பில் இப்படி ஒரு விஷயம் நடந்ததா இல்லையா என்றே தெரியாமல் ஒரு மனுஷி இருக்க முடியுமா? இதை எப்படி யாரிடமாவது கேட்பது? அம்மாவுக்கு ஃபோன் போட்டு, நான் கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனேன் என்றா கேட்க முடியும்? அவள் ஏற்கெனவே கபடியை ஒழித்துக்கட்ட ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருக்கிறவள். நாகஜோதி பாட்டிலின் அடியில் இருந்ததையும் குடித்தாள். உதடு மட்டும் இன்னும் காய்ந்தே இருந்தது.

“எத்தனை மாசம் தாயி?” என்றது ஒரு குரல். எதிர் வரிசையில் நிறைமாத மருமகளோடு வந்திருந்த அம்மாள். நெற்றியில் விபூதி, மடியில் பெரிய டிபன் கேரியர். ஸ்கேன் சென்டரில் தண்ணீர் குடிக்கிற பெண் வேறு எதற்கு வந்திருப்பாள் என்று அந்த அம்மாள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. “மாசம்லாம் இல்லம்மா. இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. கபடி பிளேயர்” என்று ரெக்ஸி முந்திக்கொண்டாள். கல்யாணம் ஆகாத பெண் இங்கே எதற்கு வந்தாள் என்று அந்த அம்மாளின் முகம் ஒரு நொடி கோணி, பிறகு கபடியில் போய் நின்றது. “அடி கிடி பட்டுருச்சா?” “அடியெல்லாம் இல்லம்மா, சும்மா ஒரு செக்கப்.” “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத் தாயி இந்த மல்லுக்கட்டு?” ரெக்ஸி சிரித்தாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும் என்றாள். அந்த அம்மாளுக்கு அது பிடித்துப்போய்விட்டது, மருமகளிடம் திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். மருமகள் சிரிக்கிற நிலையில் இல்லை. அடக்க முடியாமல் ஒரு காலின் மேல் மற்றக் காலைப் போட்டு நெளிந்துகொண்டிருந்தாள். நாகஜோதிக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பொறாமை பொங்கியது. ஒரு பெண் மூத்திரத்தை அடக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்து இன்னொரு பெண் பொறாமைப்படுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா? “அத்தை, முடியல” என்று அந்தப் பெண் எழுந்துவிட்டாள். கவுண்டர்காரி அவளை உள்ளே அனுப்பினாள். இவளுக்குப் பிறகு வந்தவள்தான்.

மூன்றாவது பாட்டில். இந்தக் கையால் இவ்வளவு தண்ணீரை ஒரே மூச்சில் எடுத்துக் குடித்து எத்தனை காலமாகிவிட்டது. தண்ணி குடிச்சா வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினா பிடி நழுவும் என்பது அவர்கள் டீமில் வேதவாக்கு. எடை பார்க்கிற நாளில் வேதவாக்கு இன்னும் கெட்டியாகிவிடும். அறுபத்தைந்து கிலோ ஆட்டத்துக்கு இவள் எப்போதும் இரண்டு கிலோ கூட. முந்தின நாள் மத்தியானத்தோடு தண்ணீர் கட். காலையில் சுடிதாருக்கு மேல் மழைக்கோட்டு, அதற்கு மேல் ஸ்வெட்டர், வெயில் ஏற ஏற மைதானத்தைச் சுற்றி ஓட்டம். பிறகு வரிசையாகக் குத்தவைத்து வாயில் புளியங்கொட்டையை ஒதுக்கிக்கொண்டு எச்சில் துப்புவார்கள். உடம்பில் இருக்கிற ஈரத்தையெல்லாம் வழித்து வெளியே எறிந்துவிட்டுத் தராசில் ஏறினால் முள் வந்து அறுபத்தைந்தில் நிற்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். அப்படியே உடை மாற்றுகிற இடம். இரண்டு பேர் சேலையை விரித்து மறைத்துப் பிடிக்க, ரெக்ஸி அக்கா ஊசியோடு நிற்பாள். ஒவ்வொருத்தியாகப் போய்த் திரும்பி நிற்க வேண்டும். கோயிலில் பொங்கல் வாங்குகிற மாதிரிதான், தள்ளுமுள்ளு கிடையாது, யாரும் ஏன் எதற்கென்று கேட்பதும் கிடையாது. முதலில் ஒரு கம்பவுண்டர் வந்து போட்டுக்கொண்டிருந்தான், ஆள் சரியில்லை, கை வேறு இடத்துக்குப் போகிறது என்று அவனைத் துரத்திவிட்டு ரெக்ஸியே கற்றுக்கொண்டாள். வாழைத்தண்டில் குத்திக் குத்திப் பழகினாள். அவள் போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. இந்த ஊசிக்கு எழுதிக் கொடுக்க டாக்டர் எவரும் கிடையாது. மருந்துக்கடையில் டைக்ளோ என்று அந்த வலி மருந்தின் பெயரைச் சொன்னால் பெட்டியோடு எடுத்துக் கொடுப்பார்கள், விளையாட்டுப் பிள்ளைகள் என்று அன்போடு.

முதல் ஊசியை மட்டும் அவளால் மறக்க முடியாது. முழங்காலுக்குள் ஒரு நரம்பு அறுந்து, அது தானாக ஒட்டியதா இல்லையா என்று தெரியாமலே ஆடிக்கொண்டிருந்த நாட்கள். குத்தவைத்து எழுந்தால் உயிர் போய் உயிர் வரும். அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. வலிக்குது என்கிற வார்த்தை எவள் வாயிலிருந்து வருகிறதோ அவள் டீமுக்கே பஜ்ஜி வாங்கித் தர வேண்டும், அது அவர்கள் சட்டம். அதனால் முழங்கால் பேசுது என்பார்கள், தோள் கத்துது என்பார்கள். அன்றைக்கு அவளுக்கு முழங்கால் பேசவில்லை, ஓலமிட்டது. ரெக்ஸி அக்கா போட்டாள். கொஞ்ச நேரத்தில் முழங்கால் இருந்த இடத்தில் முழங்காலே இல்லை. லேசாக, காற்று அடைத்த மாதிரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கால் மாதிரி ஒரு கால். அப்பா, அந்த சுகம்! எதிரணியில் ஆளுயர ரைடர் ஒருத்தி, இதுவரை யாரிடமும் மாட்டாதவள், இவள் மூலைக்குள் காலை நீட்டினாள். நாகஜோதி பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள், பிடித்தது பிடித்தபடி. மாட்டியவள் இழுத்தாள், உதைத்தாள், உருண்டாள், இவள் விடவில்லை. ஊரே எழுந்து நின்று கத்தியது. அந்தக் கத்தலுக்காக உடம்பையே தாரைவார்க்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. தாரைவார்க்கலாம் என்று சும்மா தோன்றியதுதான், யாரும் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை. அதற்கப்புறம் ஆட்டத்துக்கு ஒன்று. பிறகு ஆட்டத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் தூங்குவதற்கு ஒரு மாத்திரை. பிறகு பிராக்டிஸுக்கு. பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டியிருந்தால். பிறகு எதற்கென்று இல்லாமல், சாப்பிட்ட பிறகு சிலர் பாக்கு போடுகிற மாதிரி. ஏழு பேருக்கும் அப்படித்தான், வெளியே உட்காருகிறவர்களுக்கும் அப்படித்தான், இதில் தான் என்ன தனி? தனியாக அவளுக்கு மட்டும் ஏன் வர வேண்டும்?

இங்கே வந்து மனசு நின்றுவிட்டது. வர வேண்டும் என்று இப்போது யார் சொன்னார்கள்? ஊசியால் வந்தது என்று எவரும் சொல்லவில்லையே. டாக்டர் கேட்டார்தான். “ஏதாவது மருந்து மாத்திரை எடுக்கிறியாம்மா?” என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இவள் சட்டென்று “இல்ல டாக்டர்” என்றாள். பொய் சொல்லவில்லை. சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் காய்ச்சலுக்கு எடுப்பது, நாக்கை நீட்டச் சொல்லிக் கொடுப்பது. இது கிட் பேக்கில் டேப்போடும் கிரேப் பேண்டேஜோடும் ஷூவோடும் கிடப்பது. ஷூ போடுவாயா என்று கேட்டாரா? ரெக்ஸி அக்காவும் பக்கத்தில்தான் நின்றாள், அவளும் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவளும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நெஞ்சில் கை வைத்து உண்மையைச் சொல்லி டாக்டரை ஏமாற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். இதை அவரிடம் சொல்ல வேண்டும், திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, நினைத்த வேகத்தில் நாகஜோதி மடியில் இருந்த பையைப் பிடித்தாள். பை திறந்திருந்தது. ஏன் திறந்திருக்கிறது? உள் ஜிப்பில் இருக்க வேண்டிய மாத்திரை அட்டை மேலே கிடந்தது. ஒரு குழி புதிதாகக் கிழிந்திருந்தது, வெள்ளித்தாள் இன்னும் விறைத்துக்கொண்டு நின்றது. நாக்கின் அடியில் லேசான கசப்பு. இடுப்பு பேசிக்கொண்டிருந்தது, அந்த அம்மாள் பேசிக்கொண்டிருந்தபோது இடுப்பும் பேசிக்கொண்டிருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. கை தானாகப் போயிருக்கிறது. தானாகத் திறந்து, தானாகக் கிழித்து, வாயில் போட்டு, ஸ்கேனுக்காகக் கொடுத்த தண்ணீரை ஊற்றி விழுங்க வைத்திருக்கிறது. கிட்னியைப் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு. அவளைக் கேட்கவே இல்லை. நாகஜோதி தன் வலது கையைப் பார்த்தாள், ஆட்களைப் பிடிக்கிற கை, காய்த்துப்போன கை. அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“அக்கா” என்றாள். “என்னடி, முட்டுதா?” “இல்ல. அக்கா, இந்த ஊசி... ஊசியால ஏதாவது ஆகுமாக்கா?” ரெக்ஸி ஃபோனை மடியில் வைத்தாள். “எந்த ஊசி?” “நம்ம ஊசி.” “அதால என்னடி ஆகும்? நானும்தான போடுறேன். உனக்கு முன்னாடியிருந்து போடுறேன். பாரு, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்.” சொன்னதோடு கையை மடக்கிக் காட்டினாள். “டாக்டர்கிட்ட சொல்லலையேக்கா நாம.” “எதுக்குச் சொல்லணும்? சொன்னா உடனே ரெஸ்ட்டுன்னு எழுதுவாரு. அவருக்கென்ன, பேனா இருக்கு எழுதுவாரு. செலக்‌ஷன யாரு ஆடுறது, அவரா ஆடுவாரு? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சர்க்கார் வேலைடி ஜோதி. ஒருதடவ உள்ள போயிட்டா அப்புறம் நீ உக்காந்து சாப்பிடலாம். அதுக்கு அப்புறம் கிட்னிக்கு, காலுக்கு, தலைக்கு, எல்லாத்துக்கும் லீவு போட்டு வைத்தியம் பாரு, எவன் கேக்குறான்?” அவள் சொல்லும்போது எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். ரெக்ஸிக்குச் சர்க்கார் வேலை கிடைக்கவில்லை, வயது தாண்டிவிட்டது. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக விசிலை ஊதிக்கொண்டிருக்கிறாள். தனக்குக் கிடைக்காதது இந்தப் பெண்ணுக்காவது கிடைக்கட்டும் என்று தன் சம்பளத்தில் இவளுக்கு ஷூ வாங்கித் தந்தவள். வீட்டில் அடித்து விரட்டியபோது தன் கட்டிலில் படுக்க இடம் கொடுத்தவள். இவளைக் கெடுக்க வேண்டுமென்று கனவில்கூட நினைக்காதவள். அதுதான் நாகஜோதிக்கு மூச்சை அடைத்தது. கெட்டவள் ஒருத்தி செய்திருந்தால் சண்டை போடலாம், சாபம் விடலாம். உயிரைக் கொடுக்கிறவள் சேலை மறைப்பில் நிற்க வைத்து, வலிக்காமல் போட வேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போட்டால் என்ன செய்வது?

நிறைமாதக்காரி வெளியே வந்தாள். வந்த வேகத்தில் கழிப்பறைக்கு ஓடினாள். கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது, மாடியில் தொட்டி நிரம்பி வழிகிற மாதிரி, நிற்காமல். மாமியார்க்காரி திருப்தியோடு தலையை ஆட்டினாள். பிறகு நாகஜோதியின் காலடியில் வரிசையாக நிற்கிற காலிப் பாட்டில்களைப் பார்த்தாள். “நீ எங்களுக்கு முந்தி வந்தவளாச்சே தாயி. இன்னுமா முட்டல? குடிச்சதெல்லாம் எங்கதான் போகுது?” என்று கேலியாகத்தான் கேட்டாள். ரெக்ஸிகூடச் சிரித்தாள். நாகஜோதிக்கு அந்த இரும்பு நாற்காலி அப்படியே கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. எங்கே போகிறது? இவ்வளவு தண்ணீர், பாட்டில் பாட்டிலாக, கண்ணெதிரே குடித்த தண்ணீர், எங்கே போகிறது? முகத்துக்குப் போகிறது. காலையில் உப்பிக் கிடந்த முகத்துக்கு. கண்ணுக்குக் கீழே தொங்குகிற பைக்கு. மோதிரம் கழல மாட்டேனென்கிற விரலுக்கு, படியேறினால் இரைக்கிற நெஞ்சுக்கு. போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகவில்லை. இந்த எளிய கணக்கு, அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு, ரெக்ஸிக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு, தெருவில் போகிற யாரோ ஒரு அம்மாள் வாய் தவறிச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஒரு சொம்பு ஊற்றினாள். வேறு சத்தம் இல்லை. இன்றைக்கு இல்லை, நேற்றும் இல்லை. சொட்டுச் சொட்டாக, பிளாக் டீ நிறத்தில் ஒருநாள் வந்தது, தீட்டு நேரமாக இருக்குமென்று தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட்டாள். அதுதான் கடைசி. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தேடிக்கொண்டிருந்தபோது இருந்த தைரியம் கிடைத்த பிறகு இல்லை. “முட்டலன்னாலும் பரவாயில்ல, வா பாத்துருவோம்” என்று கவுண்டர்காரி வந்து கூப்பிட்டாள். அவள் குரல் முதலில் இருந்ததைவிட மெதுவாக இருந்தது, அதையும் நாகஜோதி கவனித்தாள்.

உள்ளே ஏ.சி. குளிர். டாக்டரம்மா சட்டையை மேலே தூக்கச் சொல்லி ஜெல்லைத் தடவினாள். கருவியை வைத்து அழுத்தினாள், நகர்த்தினாள், மறுபடி அதே இடத்துக்கு வந்தாள். “ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டியா?” “இல்ல டாக்டர்.” “இப்ப, வர்றதுக்கு முன்னாடி?” “போகல டாக்டர்.” “மூத்திரப் பை காலியா இருக்கே.” திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ அசைந்தது, மழை நேரத்து டி.வி. மாதிரி. அது தன் உள்ளே இருப்பது என்று நாகஜோதியால் நம்ப முடியவில்லை. கருவி விலாப் பக்கம் போய், முதுகுப் பக்கம் போய், அங்கே நின்றது. டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியில் திரை தெரிந்தது, கண் தெரியவில்லை. “கூட யாரு வந்திருக்கா?” என்றாள். இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில் கேட்டால் என்ன அர்த்தமென்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ரெக்ஸி வந்து செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றாள். அவளை இவ்வளவு சின்ன ஆளாக நாகஜோதி பார்த்ததில்லை. “என்ன மருந்து சாப்பிடுறாங்க இவங்க?” ரெக்ஸி வாயைத் திறக்குமுன் நாகஜோதி சொல்லிவிட்டாள். “டைக்ளோ டாக்டர். ஊசி. மாத்திரையும். இப்பக்கூட வெளிய உக்காந்து ஒண்ணு போட்டுட்டேன்.” டாக்டரம்மாவின் கை நின்றது. “இப்பவா?” “ஆமா டாக்டர். தெரியாம.” “யாரு எழுதிக் கொடுத்தது?” “யாரும் எழுதல.” “ஊசி யாரு போட்டது?” நாகஜோதி மேலே பார்த்தாள். மின்விசிறி ஓடவில்லை. சொல்ல மாட்டேன், என்ன ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். “நான்தான் போட்டேன்” என்றாள் ரெக்ஸி. “நீங்க நர்ஸா?” “இல்ல டாக்டர். கேப்டன்.”

டாக்டரம்மா திட்டியிருக்கலாம். திட்டவில்லை, அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. ஜெல்லைத் துடைக்க ஒரு துண்டுத் துணியை எடுத்து நாகஜோதியின் கையில் வைத்துவிட்டு, வகுப்பில் மக்குப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். உடம்பில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது இந்த மருந்து உள்ளே போனால் கிட்னிக்குப் போகிற ரத்தம் சுருங்கிவிடும், இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கிறது, வேலை செய்கிற மாதிரித் தெரியவில்லை, உங்கள் டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் இங்கிருந்து நேராக மதுரைக்குப் போங்கள், வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு என்றெல்லாம் வேண்டாம், இனி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதே. மெஷின் வைக்க வேண்டியிருக்கும். சிலருக்குத் திரும்பி வந்துவிடும். சிலருக்கு வராது. வராது என்று சொல்லும்போது நாகஜோதியைப் பார்க்காமல் துணியைப் பார்த்தாள். “உங்க டீம்ல எல்லாரும் இப்படித்தானா?” ரெக்ஸியின் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது, நிஜமான தண்ணீர், இந்தப் பெண்ணுக்காக. “டாக்டர், இவளுக்கு அடுத்த மாசம் செலக்‌ஷன் இருக்கு” என்றாள். “எப்ப இருந்து ஆடலாம்?”

டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கோபம் வர வேண்டும் என்று நாகஜோதிக்குத் தெரிந்தது. எழுந்து அந்தக் கழுத்தைப் பிடிக்க வேண்டும், பாவி, நான் பிழைப்பேனா என்று கேட்க உனக்கு வாய் வரவில்லையா என்று கத்த வேண்டும், அம்மா என்று கூவி அழ வேண்டும். அவள் காத்திருந்தாள். கோபம் வரவில்லை. பெரியப்பாவின் கறுத்த முகத்தை வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை. உடம்பு ஏதோ செய்துகொண்டிருப்பது அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தலையணையிலிருந்து தலை தூக்கியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மூச்சு நின்றிருந்தது. பயத்தில் இல்லை. ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாதென்று, டாக்டரம்மாவின் உதட்டையே பார்த்தபடி. “சொல்லுங்க டாக்டர், எப்ப ஆடலாம்?” என்று மறுபடி ஒரு குரல் கேட்டது. ரெக்ஸி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கேட்டது நாகஜோதிதான்.